சாட்சியில் வந்த தையல் மெசின்காரன்

கோடை விடுமுறையில் கனடாவிலிருந்து ஊழியம் செய்ய வருகிற பிள்ளைகளைக் குருநகரில் எல்லாருக்கும் தெரியும். ஒரே நிறத்தில் ரீசேர்ட், கையில் தண்ணீர்ப் போத்தல், முகமெல்லாம் நுளம்பு கடித்த தடிப்பு. ஆடியில் வருவார்கள், ஆவணியில் போய்விடுவார்கள். 'அல்லேலூயாப் பிள்ளையள்' என்று சனம் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது. தலைமுறை தலைமுறையாக வேதம் ஊறிய கத்தோலிக்கக் கடற்கரை அது. அங்கே வந்து இயேசுவை அறிவிப்பதென்றால் கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் பாட்டும் மத்தியானச் சோறும் சும்மா கிடைக்கிறதென்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

இந்த வருடம் வந்த கூட்டத்தில் தனோஜன் ஒருவன். இருபத்தொரு வயது. ரொறன்ரோவில் பிறந்தவன், யாழ்ப்பாணத்தை இப்போதுதான் முதல்முதலாகக் காண்கிறான். தமிழ் மட்டும் நன்றாக வரும், ஏனென்றால் அவனுடைய அப்பா வீட்டுக்குள் இங்கிலீசு கதைக்க விட்டதில்லை. அந்த அப்பா தென்மராட்சியில் ஒரு சைவக் குடும்பத்தில் சிவசுப்பிரமணியமாகப் பிறந்து, கனடாவுக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்துச் சாமுவேல் ஆனவர். இப்போது அங்கே சபையில் மூப்பர்.

அவர்களுடைய சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் தன்னுடைய வாழ்க்கையில் செய்ததை எழும்பி நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சாமுவேலின் சாட்சிக்கு அங்கே பெரிய மவுசு. சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தபோது துப்பாக்கிச் சூடு விழுந்து படகு தாழ்ந்ததும், அவர் 'இயேசுவே' என்று கூப்பிட்டதும், அவர் ஒருவர் மட்டும் உயிரோடு கரை சேர்ந்ததும்தான் கதை. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் தனோஜன். கூப்பிட்டால் ஆண்டவர் வருவார் என்பதற்கு அவனுக்கு வேறு அத்தாட்சி தேவைப்பட்டதில்லை. அப்பா உயிரோடு இருந்தார், அது போதும்.

முதல் கிழமை முடிகிற நாளில் மண்டபத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சாட்சியை அவன் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான், பாவம். படகில் தண்ணீர் ஏற ஏற, சாமான்களைக் கடலில் தள்ளச் சொல்லி ஓட்டி கத்தியதையும், எல்லாரும் தள்ள ஒரு மனுசன் மட்டும் தன்னுடைய தையல் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றதையும் கைகாலை ஆட்டி நடித்துக் காட்டினான். ரொறன்ரோவில் இந்த இடத்தில் சபை முழுக்கச் சிரிக்கும். இங்கேயும் பிள்ளைகள் சிரித்தார்கள். "அந்த ஆள் மெசினைப் பிடிச்சது, கடலுக்குப் போச்சுது. எங்கடை அப்பா இயேசுவைப் பிடிச்சவர், கரைக்கு வந்தவர்," என்று முடித்தான். கொலின்ஸ் பாஸ்ரர் பின்னாலிருந்து ஆமென் என்றார். அவர்தான் கூட்டத்தைக் கூட்டி வந்தவர், நல்ல மனுசன், குரல் மட்டும் கொஞ்சம் பெரிது.

மண்டபத்தின் குசினி வாசலில் அகப்பையோடு நின்ற லூர்த்தம்மா சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சமைக்கவென்று பேசி வைத்திருந்த மனுசி அவள். அறுபது தாண்டியும் கை ஓயாதவள், வாய் அதைவிட ஓயாதது. அல்லேலூயாக்காரருக்குச் சமைக்கிறாயே என்று அயலில் யாரோ கேட்டதற்கு, சோத்துக்கு ஞானஸ்நானம் குடுக்கிறதில்லை என்று வெட்டிவிட்டவள். அன்றைக்கு அவள் ஒன்றுமே பேசாமல் எல்லாருக்கும் பரிமாறினாள். சாப்பாடு முடிந்த பிறகு தனோஜனைக் குசினிக்குள் கூப்பிட்டு, அந்தப் படகோட்டியின் பெயரை அப்பா சொன்னவரோ என்று கேட்டாள். றோய் என்று சொன்னவர் என்றான் அவன்.

லூர்த்தம்மா அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தாள்.

"அந்த மெசின் எனக்குக் கொண்டுவந்தது, தம்பி."

தனோஜனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் கூசியது. மீன்பிடிக்கப் போகவிடாமல் கடலை மறித்திருந்த காலம் அது என்றாள். வள்ளம் கரையில் கிடக்க, மனைவி தைத்தாவது அடுப்பெரியட்டும் என்று வவுனியாவரை போய் மெசின் வாங்கிக்கொண்டு திரும்பியவர் அவளுடைய புருசன் பிலிப்பு. றோயின் படகில் ஏறியது மட்டும்தான் வீட்டுக்கு வந்த கடைசிச் செய்தி. உடம்பு கிடைக்கவில்லை. தப்பியவன் ஒருத்தன் என்று கேள்விப்பட்டு அவனைத் தேடியிருக்கிறாள். அவன் அதற்குள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டான்.

"நானும் கரையிலை முழந்தாளிலை நிண்டு செபம் பண்ணினனான்," என்றாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "அதை விடும். உம்மடை அப்பாவைக் கேட்டு ஒண்டு மட்டும் சொல்லும். கடைசி நேரம் அந்தாள் பயந்து கத்தினதோ? இவ்வளவு காலமும் எனக்கு அது ஒண்டுதான் தம்பி."

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். சொல்வது லேசு. அன்று பின்னேரம் போனைக் கையில் எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். அப்பா என்ன சொல்வாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்த மனுசன் அப்பாவை எட்டிப் பிடித்திருந்தால்? அப்பா கையை உதறிவிட்டிருந்தால்? இதுவரை ஒருநாளும் வராத நினைப்பு, வந்ததும் போகமாட்டேன் என்றது. ஒரு பக்கம் அப்பா கூப்பிட்டார், மறுபக்கம் இந்த மனுசி கூப்பிட்டாள். ஆண்டவருக்கு ஒரு காது மட்டுமா கேட்கும்? இதை நினைத்த பிறகு அவனால் செபம் பண்ண முடியவில்லை. காலையில் எல்லாரும் வட்டமாக நின்று கண்ணை மூடும்போது அவனும் மூடினான், உள்ளே ஒன்றும் இல்லை. ஊழியம் செய்ய வந்த இடத்தில் விசுவாசம் கழன்று விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கொலின்ஸ் பாஸ்ரரிடம்தான் சொன்னான். அவர் தோளில் கை போட்டு ஆறுதலாகத்தான் கதைத்தார். சந்தேகம் பிசாசின் வேலை, அந்த அம்மாவுக்காக எல்லாரும் மன்றாடுவோம், ஞாயிற்றுக்கிழமை முடிவுக் கூட்டத்துக்குத் தாய் தகப்பன்மார் எல்லாரும் வருவார்கள், நீ இன்னொருக்கால் அந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டும், தையல் மெசினை வேண்டுமென்றால் விட்டுவிடு என்றார். விட்டுவிடு என்றது தனோஜனுக்குச் சுருக்கென்று தைத்தது.

இன்னொரு வழியும் இருந்தது. அப்பாவைக் கேட்காமலே, 'அவர் பயப்படேல்லையாம் அன்ரி' என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். மனுசிக்கும் நிம்மதி, இவனுக்கும் நிம்மதி. இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் இரண்டாம் கிழமை முழுக்கத் திரிந்தான். லூர்த்தம்மாவோ ஒன்றும் கேட்கவில்லை. வழமைபோல மீனில் நடுத்துண்டாகப் பார்த்து அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தாள். அவன் அதைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு எழும்பினான்.

சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய வீட்டுக்கே நடந்து போனான். அப்பாவைத் தனியே கேட்டால் அவர் சொன்னதை வெட்டிக் குறைத்துத்தான் அவளிடம் கொண்டுவருவேனோ என்று தன்மேலேயே நம்பிக்கை இல்லை. அவள் கதிரை எடுத்துப் போட்டாள். அவன் போனை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டினான். கிழமை முழுக்க வராத செபம் அப்போதும் சரியாக வரவில்லை. 'ஆண்டவரே, அப்பா என்ன சொன்னாலும் நீர் இரும்' என்று மட்டும் மனதுக்குள் சொல்லிவிட்டு அழைத்தான்.

அங்கே காலை. அப்பா உற்சாகமாக, ஊழியம் எப்படிப் போகிறது என்று தொடங்கினார். தையல் மெசின்காரரின் மனைவியுடைய வீட்டில் இருக்கிறேன் என்பதையும், அவள் கேட்டதையும் தனோஜன் சொன்னதும் அந்த உற்சாகம் அடங்கியது.

"அக்கா," என்றார் அப்பா. "பயந்தவர்தான். நான் பொய் சொல்லமாட்டன். ஆனா கத்தேல்லை."

பிறகு அவர் சொன்னதைத் தனோஜன் ஒருநாளும் கேட்டதில்லை. படகு தாழத் தொடங்கியபோது எல்லாரும் குழறினார்களாம். இவருக்குத் தெரிந்தது தேவாரம், அதுவும் வாயில் வரவில்லையாம். பக்கத்தில் இருந்த பிலிப்பு ஒரு கையால் மெசினைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் விரலை மடித்து எண்ணி எண்ணிச் செபமாலை சொன்னாராம். மாதாவிடம் கேட்கிற செபம். அதில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல மற்றவர் மிச்சப் பாதியைச் சொல்ல வேண்டும். தனியச் சொல்லப் பயமாய்க் கிடக்குது தம்பி, மற்றப் பாதியை நீர் சொல்லும் என்று அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். சைவப் பெடியன் திக்கித் திக்கிச் சொல்லியிருக்கிறான். தண்ணீர் கழுத்துக்கு வரும்வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு இருந்தார்களாம்.

"அந்தச் செபத்துக்கை இயேசு எண்டு வருமெல்லே அக்கா. தண்ணிக்கை போனாப் பிறகு எனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் ஞாபகம் வந்தது. அதைத்தான் கூப்பிட்டனான்."

"பிறகேன் அப்பா சபையிலை ஒருநாளும் சொல்லேல்லை?" என்று தனோஜன் கேட்டான்.

மாதாவைப் பற்றிச் சொன்னால் அங்கே முகத்தைச் சுளிப்பார்கள் என்று முதல் தடவை விட்டுவிட்டுச் சொன்னாராம். மெசினைச் சொன்ன இடத்தில் சனம் சிரித்தது. சிரித்ததும் அதுவே கதையாகிவிட்டது. அக்கா என்னை மன்னியுங்கோ என்று அப்பா அழுதார். மூப்பர் சாமுவேல் அழுது மகன் கேட்டது அதுதான் முதல் தடவை.

லூர்த்தம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் ஓடியது.

"செபமாலை சொன்னதோ அந்தாள்? என்னோடை ஒரு நாள் முழுசாச் சொன்னதில்லை. மாலையிலை முதல் பத்து மணியை உருட்டி முடிய முந்திக் குறட்டை விடும். நான் எத்தினை தரம் காலாலை உதைஞ்சு எழுப்பியிருப்பன்."

அவள் சொன்ன விதத்தில் தனோஜனுக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாளைக்குக் கூட்டத்தில் என்ன சொல்லப் போகிறான் என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கொலின்ஸ் பாஸ்ரரின் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும். போகட்டும். கூப்பிட்டவரை ஆண்டவர் கரை சேர்த்தார் என்று இத்தனை நாள் சொன்னான். கூப்பிடச் சொல்லிக் கொடுத்தவரையும் அவர் கைவிட்டிருக்கமாட்டார் என்று இனிமேல் நம்ப வேண்டும். அதற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை, நம்பத்தான் வேண்டும்.

லூர்த்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"மற்றப் பாதி இன்னும் ஞாபகமோ?"

ஓம் அக்கா என்று வந்தது.

அவள் முதல் பாதியைச் சொன்னாள். மாதாவைக் கும்பிடாத சபையின் மூப்பர், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு சொல்லும் பிசகாமல் மற்றப் பாதியைச் சொன்னார். மரண நேரத்துக்காகக் கேட்கிற இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. தனோஜனுக்கு முன்பாதியும் தெரியாது, பின்பாதியும் தெரியாது. முடிவில் வருகிற ஆமென் மட்டும் தெரியும். அதை அவனும் சேர்ந்து சொன்னான்.