அரசாங்கம் கட்டிக்கொடுத்த பல்

நாட்டில் ஒரு குடும்பம்கூட வறுமையில் கிடக்கக் கூடாது என்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கிய வருஷம் அது. இல்லாதப்பட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கி அனுப்பினார்கள். பொக்கையக்கா வீட்டுக்கு வந்தவள் சின்ன வயசுக்காரி. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு வாசலில் நின்றாள்.

பொக்கையக்கா கிழவி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி, தொட்டி விளிம்பில் மோதி முன்பற்கள் போனதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். காகிதப் பை ஒட்டும் நாத்தனாரும் அவளுமாக, இரண்டு பெண் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வயிற்றைக் கழுவிவந்தார்கள்.

“கவர்மென்ட் பஸ்ல பொம்பளை கண்டக்டர் எடுக்கறாங்கக்கா. பயிற்சியும் குடுப்பாங்க. போறீங்களா?”

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“அண்ணிக்குப் பல்லுதாம்மா பிரச்சினை,” என்று நாத்தனார் போட்டு உடைத்தாள். “சந்தைன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம். காத்துதான் வரும்!”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைக்குப் பின்னால் அக்காவும் சிரித்தாள். வந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

“பல்லு கட்டினா போவீங்களா?”

“போவேம்மா. யாரு கட்டுவா?”

அடுத்த வாரம் அவளே அக்காவை ஆபீசுக்கு அழைத்துப்போனாள். திட்டத்தில் வீடு இருந்தது, மருந்து இருந்தது, படிப்பு இருந்தது. பல்லைப் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவின் காதில் மேலதிகாரியின் குரல் விழுந்தது.

“அழகுக்கெல்லாமா அரசாங்கம் செலவு பண்ணும்?”

“அழகுக்கு இல்ல சார். ஸ்டாப் பேரு சொல்றதுக்கு.”

அவர் சிரித்தார்; காகிதத்தை இழுத்துப் பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அக்காவுக்குப் புரிந்தது. தனக்காக ஒருத்தி வாதாடி அவள் பார்த்ததே இல்லை. பெஞ்சிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பல் கட்டியதும் முதல் இரண்டு நாள் வாய்க்குள் யாரோ குடிவந்தது போல இருந்தது. மூன்றாம் நாள் வீடு அதிர “சந்தை! சந்தை!” என்று கத்தினாள். “போதும் அண்ணி, பக்கத்து வீட்டுக்காரங்க பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடப் போறாங்க,” என்றாள் நாத்தனார்.

பயிற்சி முடித்து, காக்கிச் சட்டை போட்டு, தோல்பையை மாட்டிக்கொண்டாள். மாதம் பிறந்தால் சம்பளம். பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடி, கூரைக்கு ஒழுகாத ஓடு. பொக்கையக்கா என்ற பெயர் மட்டும் போகவில்லை. டிப்போவுக்கும் கூடவே வந்தது.

ஒரு காலையில் அந்தப் பெண் அதே பஸ்ஸில் ஏறினாள். அக்கா டிக்கெட் கிழிக்க மனசில்லாமல் நின்றாள்.

“குடுங்கக்கா, கவர்மென்ட் பஸ்ஸு,” என்று அவள் சிரித்தாள்.

“நல்லா இருக்கணும்மா நீ. என் குடும்பமே…”

“நான் என்னக்கா செஞ்சேன்? கவர்மென்ட் குடுத்தது.”

“கவர்மென்ட் குடுத்துச்சுதான், இல்லேங்கல. ஆனா படியேறி வந்தது நீதானே தாயி!”

அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கி, வேறு யாருடைய வீட்டையோ தேடிச் சந்துக்குள் நடந்தாள். அவள் மறையும்வரை அக்கா படிக்கட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, போலாமா, வேணாமா?” என்றார் டிரைவர்.

“போலாம், போலாம்,” என்று அக்கா விசில் கொடுத்தாள்.