படம் தெளிகிற மூலை

தன் வீட்டு இன்டர்நெட்டைத் தானே கழுத்தைப் பிடித்து நெரித்த ஆள் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு, அது இந்தக் கிரேன்காரன்தான். வாரம் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து கம்பியும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுத்து அவன் வளர்த்த கட்டடம், அவன் வீட்டுக்கும் செல்போன் டவருக்கும் நட்ட நடுவில் வளர்ந்துகொண்டிருந்தது. விடுமுறை நாள் வந்தால் அதே ஆள் தன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாக் கம்பத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தப் பார்ப்பான். வாரமெல்லாம் தான் ஏற்றிய உயரத்தை ஒரே நாளில் தானே எட்டிப் பிடிக்க முடியுமா? யாரைப் போய்த் திட்டுவது? தன்னையே திட்டிக்கொண்டான்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சினிமா பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் இன்டர்நெட் வேண்டிய வீடாக இருந்தால், போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பான். அவன் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. கல்யாணமாகி, விமானம் ஏறிப் போகிற தூரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாயும் மகளும் பேச வேண்டுமென்றால் வீடியோ காலில் கையால்தான் பேச வேண்டும். மற்ற வீடுகளில் படம் நின்றாலும் குரல் வரும், கத்திக் கித்தி எப்படியாவது ஒப்பேற்றிவிடுவார்கள். இந்த வீட்டில் படம் நின்றால் பேச்சே நின்ற மாதிரி.

அதுவும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற சைகை இல்லை. மகள் தவழ்ந்த காலத்தில் அம்மா தன் போக்கில் உண்டாக்கின பேச்சு. காதைத் திருகினால் அண்ணன் என்று பொருள், சின்ன வயதில் அவன் வாங்கிய திருகல்களின் புண்ணியம். கன்னத்தைத் தேய்த்தால் 'சும்மா சொன்னேன்'. முழங்கை மடிப்பைத் தட்டினால் குழந்தை. அவனுக்கும் அதெல்லாம் புரியும். ஆனால் தாயும் மகளும் வேகமெடுத்துவிட்டால் அவன் பேந்தப் பேந்த விழிப்பான். மாப்பிள்ளை தங்கமானவர்தான், பள்ளிக்கூடச் சைகை கற்றுக்கொண்டு அவளோடு நன்றாகவே பேசுகிறார். இருந்தாலும் அம்மாவின் கை அம்மாவிடம் மட்டும்தானே இருக்கிறது.

முன்பெல்லாம் சிக்னல் சரியில்லை என்றால் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததோடு அதுவும் போச்சு. ஆபரேஷன் செய்த டாக்டர் படிக்கட்டு என்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். வீடோ மொட்டை மாடிக்கு நேர் கீழே, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில். தரையில் ஓடுகிற இணைப்புக் கேட்டுப் போனால், தெருவைத் தோண்ட அனுமதி வரவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில். சிம் கார்டு போட்டு ஓடுகிற ரூட்டர் ஒன்றுதான் கதி. எந்தக் கம்பெனி சிம்மாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டவர்.

ரூட்டரில் மாட்டுகிற ஆன்டெனா ஒன்று இருக்கிறது, மாடியில் வைத்து டவரைப் பார்த்துத் திருப்பினால் சிக்னல் பிய்த்துக்கொண்டு வரும் என்று கடைக்காரர் சொன்னார். வாங்கினான். கம்பம் நட்டான், ஆன்டெனாவை மாட்டினான், கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தான். ஒரு மண்ணும் மாறவில்லை. மறுபடி கடைக்குப் போய்ச் சண்டை போட, கடைக்காரர் பொறுமையாக, கேபிள் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பயல் கேபிளை வெட்டவே இல்லை. முழுச் சுருளையும் சுற்றிக் கம்பத்தின் அடியில் தொங்கவிட்டிருந்தான். கிரேன் தொழிலில் கயிற்றைக் கடைசி வரை இறக்கக் கூடாது, உருளையில் எப்போதும் சில சுற்று மிச்சம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு ஊறிப்போனது. எதைக் கட்டினாலும் மிச்சம் விடுவான். ஆன்டெனா பிடித்துக் கொடுத்த சிக்னலை எல்லாம் அந்தச் சுருள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் அடக்கமாட்டாமல் சிரித்தார். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெட்டிய பிறகு வந்தது பாருங்கள் படம். தங்கை முகத்திலிருந்த பரு வரை தெரிந்தது. அந்தக் கொஞ்ச காலத்தில்தான் அவள் முழங்கை மடிப்பைத் தட்டிக் காட்டினாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் காத்திருந்து, நம்பிக்கையே போன பிறகு வந்த சேதி. அம்மா கட்டிலில் படுத்தபடியே இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினாள். இடுப்பு வலி எங்கே போனதோ, போன இடம் தெரியவில்லை.

அப்புறம் கட்டடம் தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு தளம் ஏறும்போதும் ரூட்டரில் ஒரு விளக்காக அணைந்தது. தங்கை கையைத் தூக்குவாள், தூக்கின கை அப்படியே நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கை மடியில் இருக்கும். நடுவில் என்ன சொன்னாள் என்பது எங்கேயோ காற்றில் போய்விடும். வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று அவன் ஒரு யோசனை சொன்னான். அம்மா போனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டுவிட்டு, பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் சொல்றப்போ அவ மூஞ்சி எனக்குத் தெரியணும், அவ சொல்றப்போ என் மூஞ்சி அவளுக்குத் தெரியணும். அதுக்குப் பேருதான் பேச்சு. இது என்னடா, செவுத்துகிட்ட பேசுற மாதிரி."

அதோடு அந்த யோசனைக்கு முழுக்குப் போட்டாயிற்று.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் தங்கையிடமிருந்து அவன் போனுக்கு எழுத்தில் சேதி வந்தது. அம்மாவோடு பேச வேண்டும், படம் சரியாக வருகிற மாதிரி செய். என்ன விஷயம் என்று கேட்டான். அம்மாவோடு பேச வேண்டும் என்றே திரும்ப வந்தது. என்னிடம் சொல், நான் அம்மாவிடம் சொல்கிறேன் என்றான். அதற்கும் அதே வரிதான் வந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், அவர் அவளே சொல்லட்டும் என்று மழுப்பினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் கிரேன் கூண்டிலேயே இருந்தான். இறங்கி ஏறுவதற்குள் நேரம் போய்விடும் என்பதால் டப்பாவை மேலேயே வைத்துக்கொள்வது வழக்கம். அந்த உயரத்தில் சிக்னலுக்கு என்ன பஞ்சம், டவர் கண்ணெதிரே நிற்கிறது. தங்கையைக் கூப்பிட்டான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. முகம் வற்றி, கண்ணுக்குக் கீழே கருத்து, அவள் அவள் மாதிரியே இல்லை. அவள் முதலில் அண்ணனுக்குப் பின்னால் அம்மாவைத் தேடினாள். அங்கே வானம்தான் இருந்தது. அவன் கேட்காமலே அவள் கை முழங்கை மடிப்புக்குப் போனது, தட்டியது. பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தான். என்ன சொல்வது, அந்தப் பேச்சில் ஆறுதலுக்கு என்ன சைகை என்று யோசித்துப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. அதற்கு அம்மா வைத்திருந்த சைகை கட்டிப்பிடிப்பதுதான். அம்மாவிடம் சொல்லாதே என்று அவள் விரலை ஆட்டினாள், அழுத்தி ஆட்டினாள். நான் சொல்கிறேன், அவளைப் பார்த்துச் சொல்கிறேன், நீ படத்தைக் கொண்டு வா என்றாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தான். கீழே கிரேனுக்குச் சைகை காட்டுகிற கொடிக்காரன் விசில் அடித்தான், கம்பிக் கட்டு தயாராக இருந்தது. அவன் அந்தக் கட்டைத் தூக்கி, தன் அம்மாவின் பேச்சை மறைக்கிற சுவரின் மேல் கொண்டுபோய் வைத்தான். வைக்காமல் என்ன செய்வான்? இவன் வைக்காவிட்டால் நாளைக்கு இன்னொருத்தன் வந்து வைப்பான்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் நரகம். அம்மா உறைந்துபோன படத்தைப் பார்த்து, இடது பக்கமாகப் படு, கனமானதைத் தூக்காதே, வெறும் வயிற்றில் இருக்காதே என்று கை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். எதிர்ப்பக்கம் அது எந்த அழகில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. படத்தில் இருக்கிற மகள் அசையமாட்டாள்.

"மூஞ்சி ஒரு சுத்து பெருத்திருக்கு பாரேன்," என்று ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அது கலைந்து கட்டம் கட்டமாகப் போன படம். அவன் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். சத்தியம் ஒரு பக்கம், இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன பதில் என்ற பயம் இன்னொரு பக்கம். உள்ளதைச் சொல்லவேண்டும் என்றால், ஆன்டெனா வேலை செய்யாமலே போனால் தேவலை என்றுகூட ஒரு கெட்ட எண்ணம் அவனுக்கு வந்து போனது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனால் தங்கை விடுவதாக இல்லை. வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று தினமும் எழுதினாள். ஒரு நாள் கூண்டிலிருந்து தன் வீட்டு மாடியைப் பார்த்தபோது அவனுக்குப் பொறி தட்டியது. டவருக்கும் மாடிக்கும் நடுவே மனசுக்குள் ஒரு கயிறு கட்டிப் பார்த்தான். மாடியில் எந்த இடத்தில் கட்டினாலும் கயிறு புதுக்கட்டடத்தில் போய் முட்டியது. தண்ணீர்த்தொட்டி இருக்கிற மூலையில் மட்டும், கைப்பிடிச்சுவரைத் தாண்டி ஒரு கை நீளம் வெளியே வைத்தால், கயிறு கட்டடத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு நழுவிப் போகும் போலிருந்தது. அவ்வளவு வெளியே நீட்டிக் கம்பம் நிற்க வேண்டுமானால் சுவரில் இரும்புத் தாங்கி வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். சைட்டில் வெல்டிங் போடுகிறவரைக் கேட்டான், அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

விடுமுறை நாள் காலை. தாங்கிக்கு அளவு எடுக்கலாம், அப்படியே உண்மையிலேயே விளக்கு ஏறுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாடிக்குப் போனான். கம்பத்தைப் பிடுங்கி, தொட்டி மூலைக்குக் கொண்டு வந்து, சுவருக்கு வெளியே சாய்வாக நீட்டினான். கனம் தோளை இழுத்தது. காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து, மெதுவாக, ஒரு விரல்கடை இந்தப் பக்கம், ஒரு விரல்கடை அந்தப் பக்கம் என்று திருப்பினான். விளக்கு ஏறினால் சொல் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். விளக்கைப் பார்க்கிற ஆளா அவள்? மகளுக்கு வீடியோ காலே போட்டுவிட்டாள்.

"தெரியுதுடா!" என்று கீழே ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "நல்லாத் தெரியுது! அப்படியே வை, அப்படியே வை!"

இன்றைக்கே அது நடக்கும் என்று அவன் நினைக்கவில்லை. அளவு எடுக்க வந்தவன் அவன். தாங்கி வந்து, வெல்டிங் அடித்து, அவன் அம்மா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடக்க வேண்டும் என்று மனசுக்குள் எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். இப்போது கம்பத்தை விட்டுவிட்டுக் கீழே ஓடலாமா? ஓடினால் படம் போய்விடும். படம் போனால் தங்கை பாதி சொன்னதோடு நின்றுவிடுவாள், அம்மாவின் முகம் அந்தக் கோலத்திலேயே உறைந்து அவள் எதிரில் நிற்கும்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் பேச்சில் சத்தம் ஏது? ஆரம்பத்தில் அம்மா சிரித்த மாதிரி இருந்தது. பிறகு வளையல் ஓசை கேட்டது, அவள் ஏதோ வேகமாகச் சொல்கிறாள். பிறகு வளையலும் நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

அம்மா அழுதாள். அப்பா செத்தபோது கூட அவள் அப்படி வாய்விட்டு அழுது அவன் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பத்தைப் பிடித்தான். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, கம்பம் லேசாக அசைந்தது.

"டேய்," என்று அம்மாவின் குரல் உடைந்து மேலே வந்தது. "ஆட்டாதடா. அவ இன்னும் சொல்லி முடிக்கல."

அவன் கம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆடாமல் நின்றான்.