உடன்பிறந்தவன் மட்டும் ‘மேடம்’ என்றான்

இந்தக் கதையில் மரியாதை வேண்டிய அளவுக்கு மேலேயே வருகிறது. ஆகவே சொல்லுகிற நாமாவது அதைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, ஐம்பத்து நான்கு வயதான அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை ‘அவன்’ என்றும், அவனுக்கு ஆறு வயது மூத்த அக்காவை ‘அவள்’ என்றும் சொல்லுவோம். உடன்பிறந்தவர்களுக்கு அதுதான் அழகு.

தனியாகப் பயணம் செய்பவர்களுக்கென்றே ஒரு நிறுவனம் ஆற்றங்கரை நடைப்பயணம் நடத்திவந்தது. மொத்தம் ஐந்து நாள். பகலெல்லாம் கரையோரமாக நடை, மாலையில் ஒரு விடுதி. பெட்டிகளை வண்டி சுமந்து வரும். ஆட்கள் தங்களைத் தாங்களே சுமந்துகொண்டால் போதும். முதல் நாள் காலை, விடுதியின் உணவறையில் எட்டுப் பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் விசில் தொங்க, முப்பதைத் தாண்டிய ஒரு பெண் நடுவில் வந்து நின்றாள். அவள்தான் வழிகாட்டி.

“நம்ம பயணத்துக்கு ஒரே ஒரு விதிதான். ஜோடியாவோ குடும்பமாவோ வர்றவங்களைச் சேர்த்துக்கறதில்ல. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வந்தா அவங்க ஒரு மூலையில ஒதுங்கிடுவாங்க, மத்தவங்க இன்னும் தனியா ஆயிடுவாங்க. அதனால இங்க எல்லாருமே தனி. சரி, ஒவ்வொருத்தரா உங்களைப் பத்திச் சொல்லுங்க பார்ப்போம்.”

முதலில் தொண்டையைக் கனைத்தவர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர். “முப்பத்தஞ்சு வருஷம் ரயில் ஓட்டினேன். ஆயிரம் பேரை முதுகுக்குப் பின்னால உட்கார வச்சு இழுத்துட்டுப் போவேன். ஒருத்தர் மூஞ்சியையும் பார்த்ததில்ல. அதான், இப்ப மூஞ்சி பார்க்க வந்திருக்கேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு பேருக்குப் பிறகு அக்காவின் முறை வந்தது.

“பெரிய ஆஸ்பத்திரியில டெலிபோன் போர்டு பார்த்தேன். யார் கூப்பிட்டாலும் அந்தந்த வார்டுக்கு லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. ரிட்டையர் ஆயிட்டேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, அடுத்த மாசம் அவகிட்டயே போயிடறேன். கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல.”

அவன் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். கடைசி வாக்கியத்தை அவள் கோபமாகச் சொல்லவில்லை; ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று தொலைபேசியில் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

வட்டம் சுற்றி வந்து அவன் முறை ஆயிற்று. “மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். கல்யாணம் பண்ணிக்கல. எனக்கு ஒரே ஒரு அக்கா.”

“அட, அக்காவையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கலாமே!” என்றார் ரயில்காரர்.

“சார், இப்பத்தானே தொண்டை வத்த விதியைச் சொன்னேன்! அக்கா வந்தா இவரை வெளியே அனுப்பணும்” என்றாள் வழிகாட்டி.

மறுபடியும் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள், நாகரிகத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

பதினொரு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவன் அவன். அக்காவுக்கு வேலை வேறு ஊரில். தினமும் மாலையில் போன் செய்வாள். அந்தக் கடைசி வாரத்தில் ஒரே நாளில் மூன்று தடவை கூப்பிட்டாள். “அம்மா குரலே சரியில்லையேடா. கிளம்பி வந்துடட்டுமா?” அவன், “ஒண்ணுமில்லக்கா, சாதாரணக் காய்ச்சல். இப்பத் தூங்கறாங்க” என்றான். அம்மா தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு மகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டு லைன் கிடைக்கவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்த சேதியைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அக்கா தம்பியின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அதோடு பேச்சு நின்றது. கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. போன மாதம் அக்காவின் மகள்தான் இரக்கப்பட்டுக் கூப்பிட்டாள். “மாமா, அம்மா தனியா ஒரு நடைப்பயணம் போறாங்க. அதுக்கப்புறம் இங்க வந்துடுவாங்க. இதை விட்டா உங்களுக்கு வேற வழி கிடைக்காது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.” அன்றே அவன் அதே பயணத்துக்குப் பெயர் கொடுத்தான்; நாள் வந்ததும் கடைக்குப் பூட்டுப் போட்டான்.

மன்னிப்பு என்பது பெரிய சொல். அவ்வளவுக்கு அவன் ஆசைப்படவில்லை. அவள் ஒரே ஒரு முறை தன்னை ‘டா’ போட்டுக் கூப்பிட்டால் போதும் என்று நினைத்தான். ‘பாவி, ஏன்டா இப்படிப் பண்ணினே?’ என்று அறைந்தாலும் சரிதான். இன்ஜின் வந்து சேர்ந்துவிட்டால் பெட்டிகள் பின்னாலேயே வராமலா போகும்?

ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் ‘சார்’. “சார், கொஞ்சம் வழி விடறீங்களா?” “சார், உங்க பாட்டில் கீழே விழுந்துடுச்சு.” வையவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வைதால் பிடித்துக்கொள்ள ஒரு நுனியாவது கிடைக்கும். எண்ணெய் தடவிய கம்பம் போல் வழவழவென்று இருந்தது அந்த மரியாதை. ஏற ஏற வழுக்கியது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேசத் தொடங்கி அரை நாள் ஆவதற்குள் அந்தக் கூட்டம் முழுவதும் அவளை ‘அக்கா’ ஆக்கிவிட்டது. வழிகாட்டி அக்கா என்றாள். விடுதியில் ரொட்டி பரிமாறியவர் அக்கா என்றார். அவளைவிட மூத்த ரயில்காரர்கூட, “அக்கா, வயசுல நான் பெரியவன்தான், ஆனா அறிவுல நீங்கதான் மூத்தவங்க” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அக்கா என்றார். உடன்பிறந்தவன் மட்டும் ‘மேடம்’ என்றான். ‘அக்கா’ என்ற சொல்லை எடுக்க அவனுக்கு நா எழவில்லை.

இரண்டாம் நாள் அவளுடைய மூக்குக்கண்ணாடியின் திருகாணி எங்கோ விழுந்து, ஒரு பக்கத்துக் காதுக் கம்பி கழன்றுவிட்டது. “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்? கண்ணாடிக்காரரே, வாங்க இங்க!” என்று ரயில்காரர் கூவினார். அவன் சட்டைப் பையில் எப்போதும் சின்னத் திருப்புளியும் நாலைந்து திருகாணிகளும் இருக்கும். அரை நிமிஷத்து வேலை. முடிந்த பிறகும் அவன் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. அதைத் தூக்கிப் பிடித்து, எதிரே நின்ற மரத்தின் அடித்தண்டை அதன் வழியே பார்த்து, இப்படியும் அப்படியுமாக மெல்ல அசைத்தான். தண்டு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்தே பவரைச் சொல்லிவிடுவது அவன் தொழில் பழக்கம். கடைசியாக அவளுக்கு அவன் செய்துகொடுத்த கண்ணாடிக்கும் இதற்கும் வெகு தூரம். அவள் கண்கள் எவ்வளவோ மாறிவிட்டிருந்தன. யாரோ ஒருவர் அளந்து, யாரோ ஒருவர் கண்ணாடி போட்டுக் கொடுத்திருந்தார்.

“சரியாயிடுச்சா சார்?” என்று அவள் கையை நீட்டினாள். “ரொம்ப நன்றி.”

மூன்றாம் நாள் மதியம் கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது வழிகாட்டி ஒரு கதை சொன்னாள்.

“ஆத்துக்குள்ள ஒரு கல்லு இருந்துச்சாம். தினமும் அதுமேல வந்து உரசிட்டுப் போற மீன்கிட்ட, ‘நூறு வருஷமா தண்ணிக்குள்ள கிடக்கேன், என்னைவிட ஈரமுள்ளவன் எவன்?’னு பெருமை பேசுமாம். ஒரு வருஷம் பெரிய வெள்ளம். கல்லு உருண்டு ரெண்டாப் பிளந்துச்சு. பார்த்தா உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது.”

“மீன் என்ன சொல்லிச்சு?” என்றார் ரயில்காரர்.

“மீன் எங்க சார் இருக்கும்? வெள்ளத்துல அது எப்பவோ போயிடுச்சு.”

ஈரமில்லாத கல் அக்காதான் என்று அவன் நினைத்தான். நினைத்ததில் ஓர் அற்ப ஆறுதலும் இருந்தது. அப்போது அவள் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டாள். “மீன் போறப்ப கல்லுகிட்டச் சொல்லிட்டுப் போச்சா?”

“அது கதையில இல்லக்கா.”

“சொல்லியிருக்கும். கல்லுக்குத்தான் சேதி வந்து சேர்ந்திருக்காது.”

மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவன் கடித்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான்.

தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி அன்றைய நடைத்துணையைத் தேர்ந்தெடுப்பது அந்தக் குழுவின் வழக்கம். நான்காம் நாள் அவனுக்கு அவள் சீட்டு வந்தது. பாதை குறுகலானது, வலப் பக்கம் ஆறு, இடப் பக்கம் புதர். மற்றவர்களைக் கொஞ்சம் முன்னே போகவிட்டு அவன் ஆரம்பித்தான்.

“கொஞ்சம் பேசணும்.”

“பேசுங்க சார். நடந்துக்கிட்டே பேசலாம்.”

‘நீ’ என்று சொல்லத் துணிவில்லை. ‘நீங்க’ என்று சொல்ல மனமில்லை. ஆகையால் முன்னிலையே வராமல் வாக்கியம் அமைத்துப் பேசினான்.

“அலைக்கழிக்க வேண்டாம்னுதான் அன்னைக்கு உண்மையைச் சொல்லலன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அது பொய். குளிப்பாட்டினது, துடைச்சுவிட்டது, ஊட்டினது எல்லாம் நான். ஆனா சாயங்காலம் போன் மணி அடிச்சாத்தான் அம்மா முகத்துல வெளிச்சம் வரும். கடைசியிலயாவது அந்த வெளிச்சம் என் பக்கம் திரும்பாதான்னு பார்த்தேன். அதுக்குத்தான் வரவிடல. பொறாமை. வேற ஒண்ணும் இல்ல.”

 சருகுகளை மிதித்தபடியே அவள் கேட்டாள்:

“திரும்புச்சா?”

“இல்ல. கடைசி வரைக்கும் வாசலைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க.”

அவள் நடை ஒரு கணம் தடுமாறினாற்போல் இருந்தது. இதோ, இப்போது வெடிக்கும் என்று அவன் காத்திருந்தான். பதினொரு வருஷம் அவன் வேண்டிக் காத்திருந்த வெடிப்பு அது. “கேட்டுக்கிட்டேன் சார்” என்றாள் அவள். “முன்னாடி ஓடை வருது. கல்லு மேல கால் வச்சுத் தாண்டணும். பார்த்து வாங்க.”

ஓடை சிறியதுதான், ஆனால் ஆற்றோடு கலக்கும் இடமாகையால் வேகம் அதிகம். நான்காவது கல்லில் அவள் கால் பாசியில் வழுக்கியது. “அக்கா!” என்று அவன் அலறினான். அக்கரையில் நின்றவர்களும் “அக்கா! அக்கா!” என்றுதான் அலறினார்கள், ஆகையால் அவன் அலறலில் எவருக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. பாய்ந்து அவள் முழங்கையைப் பற்றிவிட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“விடுடா கையை!”

விட்டான். அவள் தானே நிலைத்து நின்று, மிச்சமிருந்த இரண்டு கற்களையும் தாண்டிப் போனாள். அவன் ஓடையின் நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான், கல்லில் கால் வைக்க வேண்டும் என்பதையே மறந்து.

அன்று மாலை விடுதியில் அவனைப் பார்த்தவர்கள் வேறு ஆளோ என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டு வாங்கிக் குடித்தான். ரயில்காரர் சொன்ன பழைய நகைச்சுவைகளுக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரித்தான்.

“என்ன கண்ணாடிக்காரரே, நனைஞ்ச கோழி மாதிரி வந்தீங்க, இப்ப சேவல் மாதிரி கூவறீங்க? பரிசுச் சீட்டு ஏதாவது விழுந்துடுச்சா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் சார்.”

அவள் தலைவலி என்று சீக்கிரமே அறைக்குப் போய்விட்டாள். அதுவும் அவனுக்கு நல்ல சகுனமாகவே பட்டது. உள்ளே ஏதோ அசைந்திருக்கிறது. அசைந்தால் வலிக்கத்தானே செய்யும்? ‘கையை விடு’ என்பதை அவன் மனம் எங்கோ தள்ளிவிட்டு, அதன் வாலில் தொங்கிய ‘டா’வை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. பசித்தவனுக்குப் பந்தியில் விழுந்த பருக்கையும் விருந்து.

ஐந்தாம் நாள் நடை படகுத் துறையில் முடிந்தது. பெட்டிகளோடு இரண்டு வண்டிகள் காத்திருந்தன: ஒன்று விமான நிலையம் போகிறவர்களுக்கு, மற்றது ரயில் நிலையத்துக்கு. எல்லோரும் எண்களைப் பரிமாறிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அவன் சற்று ஒதுங்கி நின்று, எப்படிப் போய்ப் பேசுவது என்று வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கி முடிப்பதற்குள் அவளே அவனை நோக்கி வந்தாள். ஐந்து நாளில் முதன்முறையாக அவளாகவே வந்தாள். 

“சார், ஒரு நிமிஷம்.”

“சொல்லுங்க.”

“நேத்து ஓடையில வழுக்கினப்போ, பதட்டத்துல உங்களை ‘டா’ போட்டுப் பேசிட்டேன். முன்பின் பழகாதவங்ககிட்ட அப்படிப் பேசறது என் வயசுக்கு அழகில்ல. அப்போலேருந்து மனசை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சொல்லாம போனா நிம்மதி இருக்காது. மன்னிச்சுக்கோங்க.”

அவன் அவள் கண்களைப் பார்த்தான். குத்திக்காட்டுகிறாளா என்று தேடினான். கோபத்தின் மிச்சம் ஒரு துளியாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினான். இல்லை. வேலை நேரம் முடிந்து, அடுத்தவர் வந்து உட்காருவதற்காக மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் புறப்படுகிறவளின் முகம் அது. உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாள். தவறிச் சிந்திய அந்த ஓர் எழுத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள். சண்டைக்காரியிடம் சமாதானம் கேட்கலாம். மன்னிப்புக் கேட்டு நிற்கிறவளிடம் எதைக் கேட்பது?

பக்கத்தில் வழிகாட்டி இருந்தாள். ரயில்காரர் தம் பெட்டியின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவன் வாய் திறந்தான். அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“பரவாயில்லைங்க, மேடம்.”

அவள் தலையசைத்தாள். “உடம்பைப் பார்த்துக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டு விமான நிலைய வண்டியில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தது; ஆற்றுப் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வழியனுப்புகிறவர்கள் நின்றது அதற்கு எதிர்ப்பக்கம்.

வண்டி கிளம்பியபோது எல்லோரும் ஓடி வந்து, “போயிட்டு வாங்கக்கா!”, “போன் பண்ணுங்கக்கா!” என்று கூவினார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று அவனும் கையை ஆட்டினான்.