எடைமேடை நடக்கக் கிளம்பியது

உப்பு வாங்கத் தெருமுனைக்குப் போவதென்றாலும் வண்டிச் சாவியைத் தேடுகிற மனிதர், ஒரு மாத நடைதூரத்தில் இருக்கிற மலைக்கோயிலுக்கு நடந்தே போகப் போகிறேன் என்று சொன்னால், எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்? தையல்காரம்மாள் நம்பவில்லை. மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்:

"எந்த பஸ்ல நடக்கப் போறீங்க?"

"கிண்டல் பண்ணாத. வேண்டுதல்."

"எனக்குத் தெரியாம எப்போ வேண்டினீங்க?"

அவர் அவசரமாகப் பையைத் தேடப் போய்விட்டார். சந்தேகம் அங்கேதான் முளைவிட்டது.

மனிதர் லாரிகளை எடை போடுகிற மேடையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'எடைமேடை' என்றுதான் கூப்பிடும். கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து, 'மாலையைக் கழிச்சா எவ்வளவு வரும்?' என்று மனக்கணக்குப் போட்டவர் என அவர் தங்கையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் பயணப் பை கட்டினால் கேட்க வேண்டுமா! சமையலறைத் தராசு கூடத்துக்குக் குடிவந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தார். துண்டைக் கத்தரித்துக் கத்தரித்துக் கைக்குட்டைக்குச் சித்தப்பா ஆக்கினார். "சும்மாதானே தொங்குது" என்று சட்டைப் பையைப் பிரித்தெடுத்தார். சோப்பைச் சீவிய சீவலில் அது ஓர் எறும்பு குளிக்கக்கூடக் காணாது. விட்டால் சாமியிடம் கேட்கப் போகிற வரத்தையும் தராசில் வைத்திருப்பார்.

இதெல்லாம் அவர் பிறவிக் குணம், கிடக்கட்டும். ஆனால் ஒரு நாள் காலையில் பையைச் சுமந்து நடந்து பழகிவிட்டு வந்தவர், அவளைக் கூப்பிட்டு காஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர்த் தொட்டிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று காட்டினார். உட்கார்ந்து உட்கார்ந்தே குளம் வெட்டி வைத்திருந்த சாய்வு நாற்காலியை, கீழே காவல் இருப்பவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் அவள் பொத்தான் டப்பாவுக்குள் கையை விட்டாள். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே அவருடைய கல்யாண மோதிரம் பல்லைக் காட்டியது.

நாத்தனாருக்குப் போன் பறந்தது.

"அண்ணி, இது வெறும் யாத்திரை இல்ல," என்றாள் அவள், சந்தோஷத்தை மறைக்க முடியாத குரலில். "எங்க பெரிய தாத்தாவும் இப்படித்தான். செருப்பைத் தைச்சுட்டு வரேன்னு போனார். செருப்பு மட்டும்தான் வந்துச்சு."

"உங்க குடும்பத்துல இது வேறயா?"

"துறவு எங்க ரத்தத்துலயே இருக்கு அண்ணி."

"சோம்பல்தான் இருக்குன்னு நினைச்சேன்."

போனை வைத்ததும் சிரிப்பு வற்றிப்போனது. மனிதர் திரும்பி வருகிற உத்தேசத்தில்தான் போகிறாரா? நேராகக் கேட்டால் மழுப்புவார். ஊர்ப்பட்ட லாரிக்காரர்களின் பொய்யைக் கேட்டுப் பழுத்தவர், தானும் நாலு பொய்யை நெய் ஊற்றிச் சொல்லத் தெரிந்தவர்.

அவர் குளிக்கப் போன நேரம், பையின் தோள்வாரைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சுக்குள் மோதிரத்தைப் புதைத்துத் தைத்துவிட்டாள். கண்டுபிடித்தால் வாயைத் திறந்தாக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் மோதிரமாவது கூடப் போகட்டும்.

குளித்துவிட்டு வந்தவர் பையைத் தராசில் வைத்தார். முகம் கறுத்தது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்தார். சீப்பை எடுத்து வெளியே எறிந்தார். அவருடைய வழுக்கைத் தலைக்கு அது எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. அப்போதும் கணக்கு உதைத்தது.

"தராசு மேல உக்காந்தியா?"

"உக்காந்திருந்தா தராசு மிஞ்சியிருக்குமா?"

"திருட்டுச் சரக்கு ஏறியிருக்கு," என்றார் பழைய உத்தியோகக் குரலில். "மணல்ல தண்ணியை ஊத்தி எடை ஏத்தினவனையே பிடிச்சவன் நான்."

பையைப் பாயில் கவிழ்த்தார். ஒவ்வொரு மடிப்பாக விரலை ஓட்டினார். தோள்வாரில் விரல் நின்றது.

"இது கடைத் தையல் இல்ல. உன் கை."

பிரித்தார். மோதிரம் பாயில் உருண்டது.

"சொல்லுங்க," என்றாள். "திரும்பி வருவீங்களா, மாட்டீங்களா?"

"பைத்தியமா உனக்கு? ரொம்ப தூரம் நடந்தா விரல் வீங்குதும்மா. சோப்பு போட்டுக் கழட்டினேன். நீ தினமும் திறக்கிற டப்பாதானேன்னு அதுல போட்டேன்."

"நாற்காலி?"

"அதுல உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வரல. அப்புறம் எங்க நடக்கிறது?"

"சிலிண்டர்?"

"நான் இல்லாத நேரம் காஸ் தீர்ந்தா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் மடித்துத் தயாராக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாப் பேப்பரும் சரியா வெச்சிருக்கிற லாரியைத்தான் முதல்ல ஓரங்கட்டுவேன்னு சொல்லுவீங்களே. இப்போ நான் ஓரங்கட்டுறேன். இறங்குங்க."

அவர் நாற்காலி இருந்த இடத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"வரணும்னுதான் ஆசை," என்றார் மெல்ல. "போன வாரம் பாலத்துல ஏறும்போது மூச்சு முட்டிடுச்சு. வழியில ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, நீ சிலிண்டர் முன்னாடி முழிச்சிட்டு நிக்கக் கூடாதில்ல."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா நடக்காதேன்னு சொல்லிடுவார்."

"அப்படி என்னய்யா வேண்டுதல், உயிரைக் கொடுத்துத் தீர்க்கிற மாதிரி?"

"உன் கண் ஆபரேஷன் அன்னிக்கு, வெளியே பெஞ்சுல உக்காந்து வேண்டிக்கிட்டேன். உனக்கு மறுபடி ஊசியில நூல் கோக்க வரணும்னு."

அவள் மோதிரத்தை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள்.

"கண்ணு என்னுது. அதுக்கு உங்க காலு எதுக்கு நடக்கணும்? நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அவர் சரின்னா ரெண்டு பேரும் கிளம்புறோம். வழியில மூச்சு வாங்கினா உங்களை பஸ் ஏத்திவிட்டுட்டு, நான் மட்டும் நடந்து போய் சாமியைப் பார்த்துட்டு வரேன். வீட்டுல சிலிண்டர் மாத்த உங்களுக்குத்தான் தெரியுமே."

அவர் கண்ணைச் சுருக்கி, மேடையில் ஏறிய லாரியைப் பார்ப்பதுபோல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, கூட வர்றதுக்குத்தான் முதல்லேர்ந்தே திட்டம் போட்டியா?"

அப்படி ஒரு திட்டம் இந்த நிமிஷம்வரை அவளுக்கு இருந்ததே இல்லை. ஆனால் அதை எதற்கு அவரிடம் சொல்ல வேண்டும்? டேப்பை எடுத்து, தனக்கும் ஒரு பை தைக்கத் தன் தோளை அளந்தபடி சிரித்தாள்.