கட்டிப்போட்ட கை

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், வேலைக்குப் போகுமுன் அழகர் தன் மனைவி ஜெயலெட்சுமிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். கொழுந்து பறிக்கையில் சறுக்கி விழுந்து அவளுடைய வலது முழங்கை முறிந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டை அவிழ்த்தாகிவிட்டது, எலும்பும் கூடிவிட்டது. ஆனாலும் கை, மார்போடு சேர்த்துக் கட்டிய பழஞ்சேலைத் துணிக்குள்ளேயே கிடந்தது.

கட்டியவன் அழகர்தான்.

தோட்டத்து மருந்துக்காரர் மயில்வாகனம் அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "வெந்நீர் ஒத்தடம் குடுத்து, காலையும் பின்னேரமும் அவவே மெல்ல மெல்ல மடக்கி நீட்ட வேணும். நீ தாங்கிப் பிடிச்சாக் காணும், இழுக்கக் கூடாது. நோகுதெண்டு விட்டியெண்டால் மூட்டு இறுகிப் போயிடும்."

முதல் நாளே அவள் வலியில் அழுதுவிட்டாள். அழகருக்குத் தாங்கவில்லை. "வேணாம் புள்ள. சும்மா இரு. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று திரும்பக் கட்டிவிட்டான். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று லயமே பேசியது.

துணிக்குள் கை மெலிந்துகொண்டே வந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஒருமுறை வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். அவர் கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வேலைக்கு ஆகாதவர்களைத் தோட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

மழை விடாமல் பெய்த ஒரு மாலை. அழகர் நனைந்த கம்பளியோடு உள்ளே நுழைந்தபோது, தவழும் மகள் அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஜெயலெட்சுமி, இடது கையில் கொதிக்கும் பானையோடு. துணியிலிருந்து வலது கையை உருவிப் பிள்ளையை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். முழங்கை விரியவில்லை. அவள் கண்முன்னே பிள்ளை எரியும் கொள்ளியைப் பிடித்தது.

அழகர் பாய்ந்து தூக்கினான். பிஞ்சு உள்ளங்கை வெந்திருந்தது.

ஜெயலெட்சுமி அழவில்லை. "பக்கத்துலதாங்க இருந்தேன். என் கை போகல" என்றாள்.

பிள்ளைக்கு மருந்து போட்ட மயில்வாகனம், தாயின் கையையும் தொட்டுப் பார்த்தார். "பிந்திட்டுது. இனி முழுக்க நீளாது. மிச்சத்தையாவது காப்பாத்துங்கோ."

அன்றிலிருந்து அழகர் ஒத்தடம் கொடுத்துக் கையைத் தாங்கிப் பிடித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள், நீட்டினாள். மாதங்கள் கழித்து மறுபடி கொழுந்து எடுக்கப் போனாள். கை மட்டும் கடைசிவரை கோணலாகவே நின்றது.

பிறகு ஒரு சமயம், அதே லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பம்மா, காலொடிந்து தேறிய தன் புருஷனை எழுந்திருக்கவே விடாமல் வைத்திருந்தாள். ஏனென்று அழகர் கேட்டான்.

"வலிக்குதுங்கறாருண்ணே. பாவமா இருக்கு."

"எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, தங்கச்சி" என்றான் அழகர். "அப்படிப் பாவம் பாத்துத்தான் இவ கைய முடமாக்கினேன். ஒடஞ்ச எலும்பு கூடுனா மட்டும் பத்தாது. சொல்லிக் குடுத்த மாதிரி அசைச்சாத்தான் கை கையா இருக்கும், கால் காலா இருக்கும். அவரத் தாங்கிப் புடிச்சு நடக்க வையி."