சட்டையைக் கருக்கிய அண்ணி

இருந்தவர்கள்: ஹோட்டலின் அடித்தளச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அண்ணி, கூடவே இஸ்திரி போடும் அவளுடைய நாத்தனார் (எல்லோருக்கும் 'சின்னவ'), சலவை இயந்திரத்தை ஓட்டும் ரேடியோ அண்ணன், அலமாரிமேல் அவருடைய ரேடியோ. நால்வரில் ரேடியோவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்; அதைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்கும் நாலு வார்த்தை.

சின்னவளுக்கு நீராவி ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு இழுத்தது. வேலையை மாற்று, இல்லாவிட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மேலே வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலி. அதற்கு இங்கிலீஷ் பேச வேண்டும்.

சின்னவளுக்கு இங்கிலீஷ் பழக்க அண்ணன் ஒரு விதி வைத்தார். ரேடியோவில் ஓர் இங்கிலீஷ் பாட்டு முடிவதற்குள் ஒரு வார்த்தையைப் பிடிக்க வேண்டும். கையிலிருக்கும் துணி மடிவதற்குள் அதை வைத்து ஒரு வாக்கியம். அதுவும் அறையில் இருக்கும் ஆளைப் பற்றி.

பாடுகிறவர்கள் எல்லாம் காதலில் மண்ணைக் கவ்வியவர்கள். வந்து விழுந்த வார்த்தைகளும் அந்த ரகம்தான்: க்ரை, ஸாரி, நெவர், டுமாரோ.

"நெவர்னா ஒருநாளும் இல்லன்னு அர்த்தம். ம், சொல்லு தங்கச்சி."

"ரேடியோ பிரதர் நெவர் பாத்."

"சோப்புத் தண்ணியிலயே நிக்கிறேன். தனியா வேற குளிக்கணுமாக்கும்!"

அண்ணி பாட்டையும் கேட்கவில்லை, வார்த்தையையும் தொடவில்லை. "கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தன நாளைக்குடி வரும்? மேல போனா வாய் ஒட்டிக்கும், பாரு" என்பாள். சொல்லிக்கொண்டே சின்னவளின் குவியலிலிருந்து பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அப்படி இரண்டு பேர் வேலையைச் செய்யப்போய்த்தான் ஒரு விருந்தினரின் சட்டையைக் கருக்கினாள். திட்டு வாங்கினாள். அழவில்லை.

நேர்காணலில் வாய் ஒட்டித்தான் போனது.

"விருந்தினர் சட்டை கருகிப்போச்சு. அவர்கிட்ட என்ன சொல்வீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள் மேலாளர்.

சின்னவளின் வலது கை தானாக மேசையைத் தேய்க்கத் தொடங்கியது. கால் சலவை இயந்திரத்தின் தாளத்தைத் தட்டியது. பிறகு வந்தது, ராகத்தோடு: "ஸாரி ஸார்... மை அண்ணி பர்ன் யுவர் ஷர்ட்... ஷி நெவர் க்ரை... டுமாரோ ஐ கிவ் நியூ ஷர்ட்..."

மேலாளர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, இன்னும் நாலு கேள்வி கேட்டாள். நாலுக்கும் கை தேய்த்தது, வாய் திறந்தது.

கீழே வந்தவளை அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னடி ஒளறின?"

"நீங்க சட்டையக் கருக்கினத."

"அடிப்பாவி! ஊர் பூரா தம்பட்டமா?"

"நாளைலேருந்து வரச் சொல்லிட்டாங்க அண்ணி. ஒரு மாசம் பாப்பாங்களாம். பாடக் கூடாதாம்."

அண்ணன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். சின்னவள் பழக்க தோஷத்தில் இஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். இரண்டு சட்டை முடிவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணி பெட்டியைப் பிடுங்கி வைத்தாள். தோளைப் பிடித்துத் திருப்பி, வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

"அண்ணி, இருக்கிறத முடிச்சுட்டுப் போறேனே. நாளைக்கு உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆளில்ல."

"டுமாரோ" என்றாள் அண்ணி. அவள் வாயில் வந்த முதல் இங்கிலீஷ் அதுதான்.

கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.