கைக்குட்டைக் கூட்டம்

அவர் தப்பான பக்கத்தில் போய் உட்கார்ந்ததற்கு அவருடைய சட்டைதான் காரணம்.

விமான நிலையத்தில், காணாமல் போன பெட்டிகளுக்கான கவுண்டரில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. அன்று காலை ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றக்கூட நேரமில்லாமல் நீலச் சீருடையோடே ஓடி வந்தார். மகளுடைய கூடைப்பந்து ஆட்டம் எதிரணிக் கல்லூரியின் உள்ளரங்கில் நடந்தது. அந்தக் கல்லூரியின் நிறமும் நீலம். வாசலில் நின்றிருந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீலமெல்லாம் இடது பக்கம்" என்று கையைக் காட்டினான். கூட வந்த மைத்துனனும் பின்னாலேயே நுழைந்தான். உள்ளே போய் இரண்டு பேர் இடுக்கில் உட்கார்ந்து, மேளம் காதைக் கிழித்த பிறகுதான் எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்பது புரிந்தது. எதிர்ப்பக்கத்தில் மகள் கல்லூரிக்காரர்களுக்கு ஒதுக்கிய நாலு வரிசையில் எள் போட்டால் எள் விழாது.

"அத்தான், எந்திரிங்க, அந்தப் பக்கம் போயிடலாம்" என்றான் மைத்துனன். அவருடைய மனைவியின் தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும்.

"அங்க நிக்கக்கூட இடம் இல்ல மாப்ள. ஆட்டத்தப் பாரு. வாயத் திறக்காத."

அவருக்குச் சத்தம் புதிதில்லை. கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரும் பெட்டியைத் தொலைத்த கடுப்பில் முதலில் அவரைத்தான் திட்டுவார்கள். பதிலுக்கு அவர் கேள்வி கேட்பார். பெட்டி என்ன நிறம்? சக்கரம் இரண்டா நாலா? பிடியில் ஏதாவது துணி கட்டியிருந்தீர்களா? திறந்தால் மேலாக என்ன இருக்கும்? நாலாவது கேள்விக்குள் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் சுருதி இறங்கிவிடும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்கட்டி. "இந்த மனுஷனுக்குக் கோபம் வர்றதுக்குள்ள ரெண்டு மழைக்காலம் போயிடும்" என்பாள் மனைவி.

அதனால் முதல் கால் மணி நேரம் அவருக்குப் பெரிதாக ஒன்றும் உறைக்கவில்லை. மகளின் எண் பதினாலு. பந்து அவள் கைக்கு வரும்போதெல்லாம் "நெட்டைக் கொக்கு! நெட்டைக் கொக்கு!" என்று கத்தினார்கள். வீட்டில் சொல்லாததா? மைத்துனன்தான் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். கூச்சலுக்குத் தலைவன் இரண்டு வரிசை கீழே நின்ற ஒரு பையன். முகத்தில் பாதிக்கு நீலச் சாயம், கழுத்தில் மேளம். அவன் குரலுக்கு ஏற்ற மாதிரி கூட்டாளிகள் அவனை 'சைரன்' என்று கூப்பிட்டார்கள்.

இரண்டாவது கால் பகுதியில் மகளை ஒருத்தி இடித்துத் தள்ள, யாரும் குறுக்கே வராமல் கூடைக்குள் எறிய நடுவர் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். மகள் கோட்டில் போய் நின்றாள். சைரன் கையை உயர்த்தியதும் அந்தப் பக்கம் முழுவதும் ஆளுக்கொரு வெள்ளைத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைக்கிற மாதிரி நடித்தது. "ஊ... ஊ..." என்று ஒப்பாரி. பிறகு எல்லோரும் ஒரே குரலில், "அழுமூஞ்சி! அழுமூஞ்சி!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மகள் அழுகிற ரகமே இல்லை. பத்து வயதில் மணிக்கட்டு உடைந்தபோது, கட்டுப் போட்ட டாக்டரிடம் ஜோக் சொன்னவள்.

பக்கத்தில் இருந்த நீல ரிப்பன் பெண்ணிடம் கேட்டார். "எதுக்கும்மா அழுமூஞ்சின்னு சொல்றாங்க?"

"அந்த வீடியோ உங்களுக்கு வரலையா அங்கிள்? எங்க காலேஜ் முழுக்க சுத்துது." அவள் போனை நீட்டினாள்.

ஏழு வினாடி வீடியோ. ஏதோ ஒரு ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு. அவருடைய மகள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறாள். யாரோ பக்கத்திலிருந்து துண்டை விலக்குகிறார்கள். முகம் கோணி, வாய் திறந்து, சின்னக் குழந்தை மாதிரி அழுகிறாள். அதோடு முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. கீழே தேதி போட்டிருந்தது.

அந்தத் தேதியை அவரால் மறக்க முடியாது. ஐந்து வாரத்துக்கு முன்னால், அவர் மனைவிக்கு வயிற்றில் இருந்த கட்டியை எடுத்த நாள். ஆட்டம் வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறேன் என்று மகள் அடம் பிடித்தாள். மனைவிதான் துரத்தினாள். "நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா? போய் ஆடு." இரண்டு மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் நாலு மணி நேரம் இழுத்தது. அவர் மகளுக்கு ஒரு செய்தியும் அனுப்பவில்லை. அனுப்ப அவரிடமும் செய்தி இல்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்த மகள் முகத்தைக் கழுவி, தலை வாரி, மயக்கம் தெளியாத அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டோம் என்று மட்டும் சொன்னாள்.

இந்த அழுகையை ஒரு கல்லூரியே பார்த்திருக்கிறது. பெற்றவர் பார்க்கவில்லை.

மகளின் இரண்டு பந்தும் கூடைக்குள் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. மைத்துனன் தோளை உலுக்கிய பிறகுதான் நிமிர்ந்தார். "என்னத்தான், முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

போனை அவனிடம் காட்டினார். காட்டியிருக்கக் கூடாது. அவன் ஒரு தடவை பார்த்தான். தேதியைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தான்.

"உக்காரு மாப்ள. நான் பேசிட்டு வரேன்."

இடைவேளை விட்டதும் இரண்டு வரிசை இறங்கி சைரனிடம் போனார். பையன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தொண்டை கட்டிக்கிச்சு போலிருக்கே தம்பி?"

"காலையிலேர்ந்து கத்தறேன் அங்கிள்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். நாள் முழுக்கப் பேசுகிற வேலை என்பதால் எப்போதும் வைத்திருப்பார். "என்ன படிக்கிறீங்க?"

"சிவில். மூணாவது வருஷம்."

"இந்தக் கைக்குட்டை யோசனை யாரோடது?"

பையனுக்கு நீலம் பூசாத பாதி முகமும் மலர்ந்தது. "என்னோடதுதான். ஹாஸ்டல்ல ரெண்டு பழைய பெட்ஷீட்டைக் கிழிச்சோம். எண்பது வந்துச்சு."

"அந்தப் பொண்ணு எதுக்கு அழுதுச்சுன்னு தெரியுமா?"

"ரெண்டு ஃப்ரீ த்ரோ விட்டுடுச்சாம். அதுக்குப் போய் அழுதிருக்கு" என்று சிரித்தான்.

நாலு கேள்வி ஆகிவிட்டது. பத்தொன்பது வருடமாகப் பலித்த வித்தை இன்று பலிக்கவில்லை. ஏனென்றால் எதிரே நிற்பவனிடம் கோபமே இல்லை. மிட்டாயைச் சப்பிக்கொண்டு சந்தோஷமாக நிற்கிறான். கோபம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது.

"அது எம் பொண்ணு" என்றார்.

பையன் அவர் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். "அப்ப நீங்க... எங்க காலேஜ் ஸ்டாஃப் இல்லையா?"

அதற்குள் மைத்துனன் வந்து நின்றுவிட்டான். "டேய், அன்னிக்கு எங்கக்காவுக்கு ஆபரேஷன்டா! பொழைப்பாளா மாட்டாளான்னு தெரியாம புள்ள ஆடிட்டிருந்துச்சு. அதப் படம் புடிச்சு, பெட்ஷீட்டக் கிழிச்சு..." அடிக்க வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சைரனின் வாயில் மிட்டாய் அசையாமல் நின்றது. "எனக்குத் தெரியாது அங்கிள்."

"தெரியாதுன்னு தெரியும். அதான் சொல்ல வந்தேன்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க டீமுக்காகக் கத்துங்க. கொக்குன்னு சொல்லுங்க, ஒட்டகம்னு சொல்லுங்க, நாங்களே சொல்லுவோம். இது மட்டும் வேணாம் தம்பி."

"இப்ப ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

"நல்லாருக்கா. சாதாரணக் கட்டின்னுட்டாங்க. வீட்டுல இருக்கா."

பையன் தலையாட்டினான். ஆனால் ஊதிவிட்ட நெருப்பை வாயாலேயே அணைக்க முடியுமா? ஆட்டம் மறுபடி தொடங்கியதும் அவன் திரும்பி நின்று "கைக்குட்டை வேணாம், கைக்குட்டை வேணாம்" என்று சைகை காட்டினான். பக்கத்து வரிசை கேட்டது. மேல் வரிசைகள் கேட்கவில்லை. "சைரனுக்கு பேட்டரி தீந்துபோச்சு!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவன் இல்லாமலே அழுமூஞ்சிக் கோஷம் இன்னும் ஓங்கியது. சைரன் மேலே ஏறிப் போய் ஒருத்தனிடம் மல்லுக்கட்டி இரண்டு துணியைப் பிடுங்கினான். அதற்கு மேல் நடக்கவில்லை.

ஆட்டம் முடிய ஒன்பது வினாடி இருக்கும்போது மகளின் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. மகள் கூடைக்கடியில் எம்பினாள். இரண்டு பேர் அவள்மேல் விழுந்தார்கள். விசில். மறுபடியும் இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் ஜெயிக்கலாம்.

வெள்ளைத் துணிகள் எழுந்தன. ஒப்பாரி கூரையைத் தூக்கியது. அவருக்குப் பின்னால் இருந்தவன் பெஞ்சுமேல் ஏறி நின்று, மார்பில் அடித்துக்கொண்டு அழுது காட்டினான். அவ்வளவுதான், மைத்துனன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் தானும் பெஞ்சுமேல் ஏறினான். முஷ்டியை ஓங்கினான். அவர் பாய்ந்து அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் நீல ரிப்பன் பெண்ணின் மடியில் சரிந்தார்கள்.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. கூட்டம் வெறி பிடித்த மாதிரி குதித்தது.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. சைரன் ஒரு நாற்காலிமேல் நின்று தன் கல்லூரியின் பெயரைச் சொல்லி அடிக்க ஆரம்பித்திருந்தான். மூன்று அடி, ஒரு பெயர். மூன்று அடி, ஒரு பெயர். நரம்பு புடைக்க, கட்டிய தொண்டையைப் பற்றிக் கவலைப்படாமல் கத்தினான். தன் கல்லூரியின் பெயரைக் கேட்டுச் சும்மா இருக்க முடியுமா? கீழ் வரிசை சேர்ந்தது, நடு வரிசை சேர்ந்தது. கடைசியில் மேல் வரிசையும் ஒப்பாரியை விட்டுவிட்டுப் பெயரைச் சொன்னது.

மகள் பந்தை மூன்று தடவை தரையில் தட்டினாள். போட்டாள். வலை சரக்கென்று சத்தமிட்டது.

புள்ளி சமம். கூடுதல் ஐந்து நிமிடம் ஆடினார்கள். அதில் மகளின் அணி நாலு புள்ளியில் தோற்றது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த நடைவழியில் அவர் காத்திருந்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஈரத் தலையோடு வந்தாள். முறைத்தபடி வந்தாள்.

"ஏம்பா, உங்களுக்கு உக்கார வேற இடமே கிடைக்கலையா?"

"சட்டை நீலமா இருந்துச்சும்மா..." என்று இழுத்தார். பிறகு கேட்டார். "அவங்க கத்துனதுலதான முதல் பந்து போயிடுச்சு?"

"அவங்க கத்துனதா? அந்த வீடியோ சுத்தறது மூணு வாரமா எனக்குத் தெரியும்பா. தினமும் பிராக்டீஸ்ல நான் பந்து போடறப்ப எங்க டீமே சுத்தி நின்னு ஒப்பாரி வைக்கும். பழகிப்போச்சு. மாமா பெஞ்சுமேல ஏறி கைய ஓங்கறாரு, நீங்க அவர் பெல்ட்டப் புடிச்சுத் தொங்கறீங்க. அதப் பாத்துட்டு எவ ஒழுங்கா பந்து போடுவா?"

மைத்துனன் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "அன்னிக்கு அழுதத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க இருந்த நிலைமைல சொல்லச் சொல்றீங்களா?" பிறகு அவளே கேட்டாள். "நீங்க அழுதீங்களாப்பா?"

அவர் யாரிடமும் சொன்னதில்லை. "ரிசல்ட் வந்து, ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் போன் பண்ணப்ப. கவுண்டர்ல ஒரு அம்மா திட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரு நிமிஷம்னுட்டு உள்ள போனேன். யாரும் கேட்டு வராத பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரூம்ல. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா! நான் ஏழு செகண்டுதான்பா" என்றாள். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சைரன் தயங்கித் தயங்கி வந்தான். சாயம் வியர்வையில் வழிந்து சட்டைக் காலர்வரை இறங்கியிருந்தது. "சாரிங்க" என்றான். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. "எங்க குரூப்ல போட்ட வீடியோவ எடுக்கச் சொல்லிட்டேன். மத்தவங்ககிட்ட இருக்கறத என்ன பண்றதுன்னு தெரியல."

"கடைசில மேளம் அடிச்சது நீங்கதானே?" என்று கேட்டாள் மகள். "அந்தத் தாளத்துக்குத்தான் மூணு தடவை பந்தைத் தட்டினேன். நல்லா வசதியா இருந்துச்சு."

பையன் முகம் வெளிறியது. "ஐயையோ, எங்காளுங்ககிட்ட சொல்லிடாதீங்க. கொன்னுடுவாங்க."

அந்த வீடியோ அதற்குப் பிறகும் சில வாரம் சுற்றத்தான் செய்தது. ஆனால் வேறு யார் மூலமாவது அம்மாவுக்குப் போவதற்குள் தானே காட்டிவிடுவதாக மகள் சொன்னாள். அன்று சாயங்காலமே காட்டினாள். அவர் மனைவி தலையணையில் சாய்ந்தபடி ஏழு வினாடியையும் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வயிற்றில் தையல் போட்ட இடத்தில் இடிக்காமல் மகளின் தலையை மெல்ல இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "ஆட்டத்துக்குப் போற பொண்ணு தலைய இப்படியா பின்னுவ?" என்று சொல்லி, ஈரம் காயாத அந்தப் பின்னலை அவிழ்த்துக் கோதிவிட ஆரம்பித்தாள்.